ஜெபமும் பாடமும் ஒரே வீட்டில்: வீட்டுக்கல்வி தொடங்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவானதும் பெரும்பாலான பெற்றோர் முதலில் கடைக்குத்தான் போகிறார்கள். ஒயிட்போர்டு, உலகப்படம், ஆளுக்கொரு மேசை, அரைமணிக்கு ஒரு பாடம் என்று வண்ண வண்ணமாய் அட்டவணை. மூன்றாவது வாரம் அந்த ஒயிட்போர்டில் பால்கணக்குதான் எழுதியிருக்கும். வாங்கவேண்டியது அவ்வளவு இல்லை. காகிதங்களைச் சரிசெய்வது, ஜெபவேளையை நிலைப்படுத்துவது, பாடத்தை மெதுவாகத் தொடங்குவது என்ற வரிசையில் போனால் முதல் மூன்று மாதம் ஓடிவிடும். இங்கே சொல்வது தமிழ்நாட்டுக் குடும்பங்களை மனதில் வைத்து.

முதலில் காகிதங்கள்

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காதவர்களுக்குத் தண்டனை எதையும் அந்தப் பிரிவு சொல்லவில்லை. வீட்டுக்கல்வியைத் தனியாக அங்கீகரிக்கும் பிரிவும் கிடையாது. உறவினர் யாராவது "இது சட்டப்படி தப்பாமே" என்று கேட்டால் சொல்வதற்கு இவ்வளவுதான் உண்டு. "சட்டம் முழுசா நம்ம பக்கம்" என்று மார்தட்டவும் வேண்டாம்.

அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு உங்களுக்குப் பயன்படும். பள்ளியில் சேராத பிள்ளையோ, இடையில் நின்ற பிள்ளையோ வயதுக்கேற்ற வகுப்பில் சேர அது வழிசெய்கிறது. வீட்டுக்கல்வி ஒத்துவராமல் போனால் எட்டாம் வகுப்பு வரை திரும்பிப் போகும் கதவு திறந்தே இருக்கிறது. தாத்தா பாட்டியிடம் பேசும்போது இதை முதலில் சொல்லுங்கள், பாதி வாக்குவாதம் குறையும்.

பள்ளியிலிருந்து நிறுத்துவதாக இருந்தால் மாற்றுச் சான்றிதழைக் கையில் வாங்காமல் வராதீர்கள். எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிறப்புச் சான்றிதழ், ஆதார், மாற்றுச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நம் வீடுகளில் வழக்கமாக இடறும் இடம் இது: ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று, நகராட்சியில் பதிந்த பெயர் ஒன்று, ஆதாரில் இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப்பெயராக நிற்கும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதியும்போது இதைக் கண்டுபிடித்தால் அலைச்சல். பிள்ளைக்கு ஏழு வயதாக இருக்கும்போது கண்டுபிடித்தால் சாவகாசமாகத் திருத்தலாம்.

ஜெபவேளை: பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்

குடும்ப ஜெபத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் ஒரு வேலையோடு கட்டுங்கள். "காலை ஏழு மணிக்கு" என்று வைத்தால் ஏழே காலுக்கே மனம் சோர்ந்துவிடும். "காபி குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும்" என்று வைத்தால் ஆறரையானாலும் ஏழரையானாலும் அது நடக்கும். அப்பாவுக்கு ஷிப்ட் வேலை என்றால் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். சாப்பாட்டுக்குப் பின் வைத்தால் சின்னது தூங்கிவிடும்.

பாட்டு மூன்று நிமிடம், வாசிப்பு ஐந்து, பேச்சு நான்கு, ஜெபம் மூன்று. வாரம் முழுவதும் ஒரே பாட்டு பாடுங்கள். திங்கட்கிழமை உளறிய நான்கு வயதுப் பிள்ளை சனிக்கிழமை முதல் அடியைத் தானே எடுத்துக்கொடுக்கும். கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பிலேயே ராகமும் தாளமும் அச்சிட்டிருப்பார்கள், நாம்தான் பார்ப்பதில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனை ஒன்றை எடுத்து, ஆதி தாளம் என்று போட்டிருந்தால் தொடையில் எட்டு அட்சரம் தட்டிப் பாடச் சொல்லுங்கள். இசைக்குத் தனி வகுப்பு தேவைப்படாது, குறைந்தது இரண்டு வருடத்துக்கு.

எதை வாசிப்பது? பிள்ளைகள் சிறியவர்கள் என்றால் மாற்கில் தொடங்குங்கள். 16 அதிகாரம், ஓர் அதிகாரத்தை மூன்று நான்கு நாளாகப் பிரித்தால் ஒரு தவணைக்குள் முடியும். எல்லோரும் ஒன்பது வயதைத் தாண்டியபின் புதிய ஏற்பாட்டை நாளுக்கோர் அதிகாரமாக எடுக்கலாம். மொத்தம் 260 அதிகாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் சரியாக 52 வாரம். நீதிமொழிகள் 31 அதிகாரம் என்பதால் தேதிக்கு ஒன்றாக வாசிக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. நல்ல பழக்கம்தான், ஆனால் 5-ஆம் தேதியும் 7-ஆம் தேதியும் பரஸ்திரீயைப் பற்றிய அதிகாரங்கள் வரும். சிறுசுகள் நடுவில் சத்தமாய் வாசிக்குமுன் ஒருமுறை கண்ணோட்டிக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் எங்கள் கருத்து இது: வாசிக்கவும் மனப்பாடம் செய்யவும் உங்கள் சபையில் வாசிக்கும் வேதாகமம், விளக்கம் சொல்ல வீட்டுப் பேச்சு. பழைய திருப்புதலின் (சபைகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பின்) சொற்கள் பிள்ளைக்குக் கடினம் என்று எளிய தமிழுக்கு மாறிவிட்டால், ஞாயிறு ஆராதனையில் அதே வசனம் காதில் விழும்போது பிள்ளைக்கு அடையாளம் தெரியாது.

ஒருநாள் வாசிப்பு எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பார்க்கலாம். மாற்கு 4:35–41, கடலில் புயல். ஏழே வசனம். அப்பா ஒருமுறை மட்டும், நிதானமாக வாசிக்கிறார். புத்தகத்தை மூடுகிறார். "என்ன நடந்துச்சு, சொல்லு பாப்போம்" என்று வீட்டிலேயே சின்னப் பிள்ளையிடம் முதலில் கேட்கிறார். இந்த வரிசை முக்கியம். பெரியவன் முதலில் சொன்னால் சின்னவள் அதையே திருப்பிச் சொல்லி நிறுத்திக்கொள்வாள். "இயேசப்பா தலகாணி வச்சுத் தூங்கிட்டு இருந்தாங்க. தண்ணி உள்ள வந்துருச்சு. எழுப்பிட்டாங்க." போதும். திருத்தாதீர்கள். அடுத்து பெரியவன் விட்டுப்போனதைச் சேர்ப்பான். அதன்பின் ஒரே ஒரு சொல்லை எடுங்கள்: ‘பின்னணியம்’. கப்பலின் பின்னணியத்தில் நித்திரையாயிருந்தார் என்று இருக்கிறது. படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் பின்னணியம். கடற்கரைக் குடும்பங்களில் அணியம் இன்றும் புழங்கும் சொல், உள்நாட்டுப் பிள்ளைக்கு அது புதையல். ஒரு காகிதப் படகு செய்து எது அணியம் என்று தொட்டுக் காட்டச் சொன்னால் அன்றைய வேதபாடமும் தமிழ்ப்பாடத்தில் கால்பங்கும் முடிந்தது.

கெட்டுப்போகும் விதங்களில் முதலாவது அப்பாவின் பிரசங்கம். பிள்ளை சொல்லி முடித்ததும் "இதிலிருந்து நாம என்ன கத்துக்கிறோம்னா..." என்று பத்து நிமிடம் ஓடும். அடுத்த நாள் பிள்ளைகள் சுருக்கமாகச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். இரண்டாவது, நேற்று நடந்த சண்டைக்கு இன்றைய ஜெபத்தில் தீர்ப்பு எழுதுவது. "ஆண்டவரே, தம்பியை அடிக்காத நல்ல புத்தியை அக்காவுக்குத் தாரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது ஜெபம் இல்லை, அது மறைமுகத் திட்டு. அக்காவுக்கும் அது தெரியும்.

பாடவேளை: குறைவாக, தினமும்

பள்ளியில் ஆறு மணிநேரம் என்றால் வீட்டிலும் ஆறு மணிநேரம் என்று கணக்குப் போடாதீர்கள். அங்கே வரிசையில் நிற்பது, வருகைப்பதிவு, நாற்பது பேர் எழுதி முடிக்கக் காத்திருப்பது எல்லாம் அந்த ஆறுக்குள் இருக்கிறது. ஒருவருக்கு ஒருவர் எதிரே உட்கார்ந்தால் ஆறு முதல் எட்டு வயதுக்கு ஒன்றரை மணிநேரம், ஒன்பது முதல் பதினொன்றுக்கு இரண்டரை மூன்று, பன்னிரண்டுக்கு மேல் நான்கு போதுமானது. நான்கு வயதுக்கு உட்கார்ந்த பாடமே வேண்டாம். பள்ளியிலிருந்து இப்போதுதான் நின்ற பிள்ளை என்றால் முதல் மூன்று நான்கு வாரம் வாசிப்பும் கணக்கும் மட்டும். மற்றதைத் திறந்தால் பழைய வகுப்பறைப் பயம் வீட்டுக்குள் வந்து உட்காரும்.

புத்தகத்துக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அரசின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சுப் பிரதியும் மலிவு. வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பாடத்திட்டங்களை ஆயிரக்கணக்கில் கொடுத்து இறக்குமதி செய்பவர்கள் உண்டு. அவற்றில் நல்லதும் இருக்கிறது. ஆனால் நாணயம் அமெரிக்க நாணயம், பருவம் பனிக்காலம், பறவை ராபின் என்று இருக்கும்போது நம் பிள்ளைக்குக் கணக்கோடு ஒரு நாட்டையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டிவரும்.

தமிழ் எழுத்தை 247 கட்டம் போட்ட அட்டையில் தொடங்காதீர்கள். ட, ப, ம மூன்றும் பெரும்பாலும் கோடுகளால் ஆன எழுத்துகள், எழுத எளிது. அதோடு புள்ளியைச் சொல்லிக்கொடுத்தால் முதல் வாரமே படம், மடம், பட்டம், மட்டம் வாசிக்கலாம். அடுத்த வாரம் கால் குறி: பாடம், மாடம், மாமா, பாப்பா. இங்கே ஓர் எச்சரிக்கை. காலும் ‘ர’வும் பிள்ளைக் கண்ணுக்கு ஒன்றேபோலத் தெரியும். அதனால் கால் நன்றாகப் பதியும்வரை, ஒரு மாதமாவது, ‘ர’வைத் தள்ளிப்போடுங்கள். ண, ந, ன மூன்றையும் ஒரே நாளில் காட்டுவதும் அதே வகைத் தவறு.

விசுவாசமும் பாடமும் எங்கே இயல்பாகச் சேர்கின்றன என்றால், வீட்டில் ஏற்கெனவே புழங்கும் விஷயங்களில். பிள்ளைக்கு மாமா கொடுத்த 50 ரூபாயில் தசமபாகம் எவ்வளவு? ஐந்து ரூபாய். 75 ரூபாய் என்றால்? ஏழரை, அதாவது 7.50. தசமபாகத்தின் தசமமும் தசம எண்ணின் தசமமும் ஒரே சொல்தான். புள்ளி ஏன் ஓர் இடம் இடப்பக்கம் நகர்கிறது என்று காணிக்கை உறையை வைத்தே காட்டிவிடலாம்.

முழம் இன்னும் சுவையானது. ஆதியாகமம் 6:15-இல் பேழையின் அளவு நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. ஒவ்வொருவரும் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை டேப்பால் அளக்கட்டும். அப்பாவுக்கு 45 சென்டிமீட்டர் வந்தால் பேழை 135 மீட்டர் நீளம், 22.5 மீட்டர் அகலம், 13.5 மீட்டர் உயரம். பத்து வயதுப் பிள்ளைக்கு 35 வந்தால் பேழை 105 மீட்டராகச் சுருங்கிவிடும். முப்பது மீட்டர் எங்கே போயிற்று என்று பிள்ளையே கேட்கும். பூக்காரம்மாவின் முழம் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது, மீட்டர் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. மொட்டைமாடியின் நீளத்தை அளந்து, எத்தனை மாடி சேர்ந்தால் ஒரு பேழை என்று அடுத்த நாள் பார்க்கலாம்.

ஆனால் எல்லாப் பாடத்துக்கும் ஒரு வசனத்தை ஒட்டவைக்க வேண்டும் என்று தவிக்காதீர்கள். எட்டாம் வாய்ப்பாடு வெறும் எட்டாம் வாய்ப்பாடாகவே இருக்கலாம். பாடத்தில் தவறு செய்ததற்கு வசனத்தைத் தண்டனையாக்குவது இன்னும் மோசம். "பெற்றாருக்குக் கீழ்ப்படியணும், எபேசியர் 6:1-ஐ ஐம்பது தடவை எழுது" என்று சொல்லும் பெற்றோர், அதே அதிகாரத்தின் 4-ஆம் வசனம் பிள்ளைகளைக் கோபப்படுத்த வேண்டாம் என்று பிதாக்களுக்குச் சொல்வதையும் பார்க்கவேண்டும். ஐம்பது தடவை எழுதிய வசனத்தைப் பிள்ளை பிறகு ஒருநாளும் விரும்பி எடுக்காது.

வசனப் பெட்டி

மனப்பாடத்துக்கு ஒரு பழைய செருப்புப் பெட்டி போதும். சார்ட் அட்டையை மூன்றுக்கு ஐந்து அங்குலமாக வெட்டி, ஓர் அட்டைக்கு ஒரு வசனம். சற்று உயரமாக 41 பிரிப்பு அட்டைகள்: ‘தினமும்’ என்று ஒன்று, ‘ஒற்றைநாள்’, ‘இரட்டைநாள்’ என்று இரண்டு, கிழமைகளுக்கு ஏழு, தேதிகளுக்கு 31.

புதிய வசனம் ‘தினமும்’ பகுதிக்குப் பின்னால் போகும். அங்கே ஒரு சமயத்தில் ஓர் அட்டைதான். தடுமாறாமல் சொல்ல வந்ததும் (ஒரு வாரம், பத்து நாள் ஆகும்) ஒற்றைநாளுக்கோ இரட்டைநாளுக்கோ தள்ளுங்கள். அங்கிருந்து இரண்டு மூன்று வாரத்தில் ஒரு கிழமைக்கு, அங்கே ஓரிரு மாதம் இருந்தபின் ஒரு தேதிக்கு. எந்த நாளிலும் நான்கு இடத்தில் மட்டும் எடுப்பீர்கள்: தினமும், ஒற்றை அல்லது இரட்டை, இன்றைய கிழமை, இன்றைய தேதி. ஐந்து நிமிடத்தில் முடியும். 31-க்கு அடுத்து 1 வருவதால் ஒற்றைநாள் அட்டை சில மாதம் இரண்டு நாள் தொடர்ந்து வரும், ஒன்றும் குடிமுழுகாது.

வாரம் ஒரு வசனம் என்று வீராப்பாகத் தொடங்குபவர்கள் பிப்ரவரியில் நின்றுவிடுகிறார்கள். மாதம் இரண்டு போதும், வருடத்துக்கு 24. வசனத்துக்கு முன்னும் பின்னும் புத்தகம், அதிகாரம், எண் சொல்லவையுங்கள். இல்லாவிட்டால் வசனம் நினைவிருக்கும், இடம் தெரியாது. ராகம் போட்டு ஒப்பிக்கும் பிள்ளையிடம் நடுவில் நிறுத்தி "இதை உன் பேச்சில சொல்லு" என்று கேளுங்கள். அங்கே திணறினால் அந்த அட்டையை அடுத்த பகுதிக்குத் தள்ளாதீர்கள்.

வாரமும் வருடமும்

அம்மா ஒருவரே ஆசிரியை, சமையற்காரி, ஜெபத் தலைவி என்று இருந்தால் நான்காவது மாதம் குரல் உயரத் தொடங்கும். அப்பா வேலைக்குப் போகிறவர் என்றாலும் ஒரு பாடத்தை முழுதாக எடுத்துக்கொள்ளட்டும். உதவி என்று இல்லாமல் பொறுப்பாக. இரவு அரைமணிநேரக் கணக்கு, அல்லது சனிக்கிழமை அறிவியல். வாரத்தில் ஒருநாள் பாடமே வேண்டாம், புதன்கிழமை வைத்தால் நல்லது. சந்தை, நூலகம், வயதானவர்களைப் பார்க்கப் போவது, மற்ற பிள்ளைகளோடு விளையாட்டு எல்லாம் அன்று.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஞாயிறு தொடங்கிவிடவேண்டும். துணி தேய்த்து, காணிக்கைக்குச் சில்லறை எடுத்து, வேதாகமமும் பாட்டுப்புத்தகமும் ஒரே பையில் வைத்து, செருப்பு ஜோடி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால் ஞாயிறு காலை கத்தல் பாதியாகும். ஓய்வுநாள் பள்ளியை விடாதீர்கள். மற்ற நாளெல்லாம் தாய் தகப்பனிடம் படிக்கும் பிள்ளைக்கு வேறொரு ஆசிரியரின் குரலும் வகுப்புத் தோழர்களும் கிடைப்பது அங்கேதான்.

வருடத்தைத் திருச்சபை நாட்காட்டியோடு ஒட்டிப் போட்டால் எளிது. லெந்து நாட்களில் கதைப்புத்தகங்களைக் குறைத்துச் சுவிசேஷ வாசிப்பு, மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி, அறுப்பின் பண்டிகை வந்தால் ஏலக் கணக்கு: பூசணிக்காய் என்ன விலையில் தொடங்கி என்ன விலைக்குப் போனது என்று பிள்ளை குறித்துக்கொண்டு வரட்டும். டிசம்பரில் கேரல் பவனி தொடங்கியபின் புதுப்பாடம் எதுவும் ஏறாது. லூக்கா 24 அதிகாரம். டிசம்பர் 1 முதல் நாளுக்கொன்றாக வாசித்தால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு முடியும். வாசிப்பும் வாய்ப்பாடும் தவிர மற்றதை மூடிவையுங்கள்.

ஒரு நீள நோட்டு போடுங்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஒரு வரி: தேதி, வாசித்தது, கணக்கில் எந்தப் பயிற்சி, எங்கே தடுமாற்றம். மாதக்கடைசியில் பிள்ளை எழுதிய தாள்களில் மூன்றைக் கிள்ளிக் கோப்பில் சேருங்கள்: நன்றாக வந்தது ஒன்று, சுமாராக ஒன்று, தப்பாக ஒன்று. நல்லதை மட்டும் சேர்த்தால் வளர்ச்சி தெரியாது.

தேர்வுக்கு

பல வீட்டுக்கல்விக் குடும்பங்கள் எடுக்கும் வழி தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், சுருக்கமாக என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புக்குப் பதிய 14 வயது முடிந்திருக்கவேண்டும், பன்னிரண்டாம் வகுப்புக்கு 15. பத்தாம் வகுப்புக்கு முந்தைய பள்ளிச் சான்றிதழ் இல்லையென்றாலும் படிக்கத் தகுதி உண்டு என்ற சுய உறுதிமொழியும் பிறந்ததேதிச் சான்றும் போதும். குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழி. தேர்ச்சிக்கு 33 சதவீதம். வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் பொதுத்தேர்வு. பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதவேண்டும் என்பதில்லை. முதல் தடவை இரண்டு, அடுத்த தடவை மூன்று என்று பிரித்தால் பிள்ளைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆசிரியர் மதிப்பீட்டு ஒப்படைப்புகளுக்கு (வீட்டில் எழுதி, திருத்தக் கொடுக்கும் விடைத்தாள்கள்) 20 சதவீதம் உண்டு. அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுபவர்கள்தான் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

மொழிப்பாடமாகத் தமிழை எடுங்கள். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் வீட்டுக்கல்விப் பிள்ளைகள் தமிழில் எழுதத் திணறுவது அடிக்கடி காணும் குறை, தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வுகளிலோ தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். மருத்துவம், பொறியியல், அரசுப்பணி என்று பிள்ளை எதை நாடினாலும், அந்தச் சேர்க்கை அறிவிப்பில் என்னென்ன பாடம், எந்த வாரியச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்பதை வாசித்தபிறகே பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். பதிந்தபின் மாற்ற நினைத்தால் பணமும் ஒரு தேர்வுச் சுற்றும் போகும்.

பிள்ளைக்கு 12 வயது முடியும் மாதத்தை நாட்காட்டியில் இப்போதே வட்டமிடுங்கள். ஒப்படைப்பு எழுதும் பழக்கம், மூன்று மணிநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்து எழுதும் பழக்கம் இரண்டும் வீட்டில் தானாக வராது. அந்த மாதத்திலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை, சமையலறையில் வேலை நடக்காத நேரமாகப் பார்த்து, சாப்பாட்டு மேசையில் கடிகாரம் வைத்து எழுதவையுங்கள். முதல் தடவை நாற்பதாவது நிமிடம் தண்ணீர் குடிக்க எழுந்துபோவான். அடுத்த மாதம் தண்ணீர்ப் பாட்டிலை மேசையிலேயே வைத்துவிடுங்கள்.